கிணற்றடிக் கற்பூரவள்ளி



நம் நாட்டுத் தமிழர் வீடுகள் பலவற்றிலே, கிணற்றடியை அடுத்தோ அடுக்களைத் தாழ்வாரத்தின் ஓரத்திலோ, வாயுடைந்த பானையொன்றிலோ பழைய வாளியொன்றிலோ, ஒரு கற்பூரவள்ளிச் செடி நிற்பதைக் காணலாம். அதனை யார் நட்டார், எப்பொழுது நட்டார் என்று கேட்டால் வீட்டாருக்கே நினைவிராது. நாள்தோறும் அதனைக் கடந்து செல்வோம். ஓர் இலையைத்தானும் கிள்ளுவதில்லை. பின்பு ஒருநாள், மார்கழிக் கூதலிலே, நள்ளிரவில், வீட்டுக் குழந்தை இருமத் தொடங்கும். அப்பொழுதுதான் அச்செடியின் நினைவு நமக்கு எழும். விளக்கை எடுத்துக்கொண்டு ஓடிச்சென்று பார்த்தால், செடியோ முழங்கால் உயரத்துக்கு நீண்டு, அடியெல்லாம் இலையுதிர்ந்து, மழைநீரிலே பாதி அழுகி, நுனியில் மாத்திரம் மூன்று நான்கு மஞ்சள் இலைகளைத் தாங்கி நிற்கும்.

குற்றம் செடியினுடையது அன்று. கற்பூரவள்ளி, நாம் பறிப்பதனாற் கெடும் செடி அல்ல. பறியாமல் விடுவதனாற் கெடும் செடி. இதனை எங்கள் ஆச்சி ஒரே வசனத்திற் சொல்லுவார்: “நுள்ள நுள்ளத்தான் பிள்ளை, அது தழைக்கும்.” அச்சொல்லிலே அடங்கிய உண்மையை விரித்துக் கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

முதலிலே இச்செடியின் குடிப்பிறப்பை அறிந்துகொள்வோம். துளசி, புதினா ஆகியவை சேர்ந்த குடும்பமே கற்பூரவள்ளியின் குடும்பமும். தமிழகத்திலே இதனை ஓமவல்லி என்றும் வழங்குவர். ஓமத்தின் மணம் இதன் இலையிலே வீசுவதால் அப்பெயர் வந்தது. சிங்களத்திலே கப்பரவல்லிய என்பர். மலையாளத்திலே பனிக்கூர்க்க என்பர். அம்மொழியிலே பனி என்பது காய்ச்சலைக் குறிக்கும். தாவரவியலார் இதற்கு இட்ட பெயர் கோலியசு அம்போயினிக்கசு என்பது. போர்த்துக்கேயரான லொறெய்றோ என்னும் பாதிரியார் 1790ஆம் ஆண்டிலே வெளியிட்ட நூலில் இதனை விவரித்தார். பெயரிலே கீழைத் தீவாகிய அம்போயினா நின்றாலும், ஆபிரிக்காவின் கிழக்கு, தெற்குப் பகுதிகளிலே இது காட்டுச்செடியாகவே வளருகின்றது. அங்கு பாறையிடுக்குகளிலும் நீர் தங்காத சரிவுகளிலும் வாழ்ந்து பழகிய இயல்பு இன்றும் இதனை விட்டு நீங்கவில்லை. இதனை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர்ச் சொல்லப்போகும் பலவற்றுக்கும் இதுவே திறவுகோல்.

மேற்கிந்தியத் தீவுகளிலே இச்செடியை அகன்ற இலைத் தைம் என்று அழைக்கின்றனர். தைம் என்பது மத்தியதரைக்கடற் கரையிலே வளரும் ஒரு சிறு பூண்டு. அதன் இலை நெல்மணியிலும் சிறியது. கற்பூரவள்ளி இலையோ குழந்தையின் உள்ளங்கையளவு. பார்வைக்கு இரண்டுக்கும் ஒற்றுமை இல்லை. ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தால் உறவு புலப்படும். தைமும் கற்பூரவள்ளியும் ஒரே குடும்பத்தன; இரண்டினது எண்ணெயிலும் தைமோல், காவக்குறோல் என்னும் இரு மணப்பொருள்கள் உள்ளன. ஓமம் கொத்தமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், அதன் மணத்துக்கும் தைமோலே காரணம். ஐரோப்பியத் தாய்மார் இருமலுக்குத் தைம் இலையைக் காய்ச்சிக் கொடுத்ததும், நம் தாய்மார் கற்பூரவள்ளியை அனலில் வாட்டிப் பிழிந்ததும் ஏறத்தாழ ஒரே பொருளை நாடியே என்பது வியப்புக்குரியது.

இம்மணம் இலையின் எப்பகுதியில் இருக்கின்றது? ஓர் இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மெல்லிய பட்டுமயிர் போர்த்ததுபோல் இருக்கும். அம்மயிர்களுட் சில, நுனியிலே மிகச் சிறு எண்ணெய்ப் பைகளைத் தாங்கியவை. விரல் பட்டவுடன் அவை வெடித்து மணம் பரவுகின்றது. மணம் தொட்டவுடன் எழுவதற்கும், முரட்டுத்தனமாகக் கையாண்ட இலை விரைவில் மணமிழப்பதற்கும் காரணம் இதுவே. ஆதலாற் பறித்த இலையைக் கசக்காமல், ஓலைப்பெட்டியிலோ தட்டிலோ பரப்பி வைத்து, வேண்டும் வேளையிலேயே கசக்குதல் நன்று.

இனி நடும் முறைக்கு வருவோம். கற்பூரவள்ளி நம் நாட்டிலே பூப்பது அரிது. விதையைத் தேடி அலைய வேண்டியதில்லை. கொப்பு ஒன்று போதும். நோயற்ற செடியிலிருந்து, முற்றி மரத்ததாகவும் இல்லாமல் மிக இளந்தளிராகவும் இல்லாமல், நடுத்தரமான கொப்பு நுனியைத் தெரிந்து, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, மூன்று நான்கு கணுக்கள் அமையும்படி, கூரிய கத்தியால் வெட்டுங்கள். கீழ் இரு கணுக்களிலுமுள்ள இலைகளை நீக்கிவிடுங்கள். அரை நாள் நிழலில் வைத்தால் வெட்டுவாய் உலர்ந்துவிடும். பின் அழுகல் எளிதில் நுழையாது. இலை நீக்கிய இரு கணுக்களும் மண்ணுள் மறையும்படி நட்டு, மண்ணை மெதுவாக அழுத்திவிடுங்கள். வேர் கணுவிலிருந்தே முதலிற் புறப்படும். இரண்டு கிழமையளவில் வேர்விட்டு, நுனியிலே புதுத்தளிர் காட்டும். அதுவரை நேர்வெயில் படலாகாது.

மண் எத்தகையதாயிருத்தல் வேண்டும்? தோட்டத்து மண் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, நன்கு உக்கிய சாணியெரு அல்லது கூட்டெரு ஒரு பங்கு எனக் கலந்தாற் போதும். யாழ்ப்பாணத்துச் செம்மண் நீரை எளிதில் வடியவிடுவதால் அங்கு மணலைச் சிறிது குறைக்கலாம். வன்னியிலும் பிற இடங்களிலும் உள்ள களிமண்ணாயின் மணலைக் கூட்டவேண்டும். சாடி ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் அகலமுள்ளதாக இருக்கட்டும். அதன் அடியிலே துளை இருத்தல் இன்றியமையாதது. துளையில்லாப் பாத்திரத்தில் நட்டவர், செடியை நட்ட அன்றே அதன் முடிவையும் எழுதிவைத்தவராவார்.

இனி, கிணற்றடி என்று பேச்சின் தலைப்பிலே சொன்னேன் அல்லவா? அக்கிணற்றடியைப்பற்றி ஒரு வார்த்தை. வழக்கமாக நாம் கற்பூரவள்ளியை நடும் இடம் அது. ஆனால் அதற்கு மிகவும் பொருந்தாத இடமும் அதுவே. குளிப்பதும் துவைப்பதும் கழுவுவதுமாகக் கிணற்றடி எந்நேரமும் ஈரமாயிருக்கும். சவர்க்கார நீரும் அங்கே ஓடும். வாழைக்கும் சேம்புக்கும் அந்நீர் அமிர்தம். கற்பூரவள்ளிக்கோ அது நஞ்சு. அதன் தண்டையும் இலையையும் ஒடித்துப் பாருங்கள், நீர் ததும்பும். வறண்ட பாறையிலே வாழ்ந்த செடியாகையால், தனக்கு வேண்டிய நீரைத் தன் உடலிலேயே சேமித்துக்கொள்ளப் பழகியது. வேரைச் சூழ்ந்து நீர் தேங்கினால் மண்ணிலுள்ள காற்று அற்று, வேர் மூச்சுத்திணறி அழுகும். தண்டின் அடி கறுத்து மெதுவாகிவிட்டதாயின் அச்செடியைக் காப்பது அரிது. உடனே நுனிக்கொப்புகளை வெட்டி வேறிடத்தில் நட்டு, வமிசத்தையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

ஆகவே, கிணற்றடியிலிருந்து நாலைந்து பாகம் விலக்கி, காலை வெயில் படுவதும் உச்சி வெயிலுக்கு நிழல் கிடைப்பதுமான இடத்திலே சாடியை வையுங்கள். கிழக்குத் தாழ்வாரம் மிகச் சிறந்தது. கடும் வெயிலிலே இலை சிறுத்து, தடித்து, மஞ்சளிக்கும். மிகு நிழலிலோ கணுவிடை நீண்டு, இலை வெளிறி, மணம் குன்றும். நீர் ஊற்றுவதற்குக் காலம் குறித்தல் வேண்டாம், விரலே அளவுகோல். சுட்டுவிரலை இரண்டாம் வரைமட்டும் மண்ணுள் நுழைத்துப் பாருங்கள். ஈரம் பட்டால் அன்று நீர் வேண்டாம். உலர்ந்திருந்தால், துளைவழியே நீர் வடியும்வரை ஊற்றுங்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களிலே இரண்டு நாளுக்கொருமுறை வேண்டியிருக்கலாம். மாரியிலோ பல நாள்களுக்குத் தேவையே இராது. கிணற்று நீர் உவராயுள்ள ஊர்களில், இலைவிளிம்பு கருகக் கண்டால், சேமித்த மழைநீரைக் கொடுங்கள்.

ஒன்று நினைவிருக்கட்டும். சாடியின் கீழ் வைக்கும் தட்டிலே நீர் தேங்கவிடலாகாது. செடியின் நலனுக்காக மட்டும் இதனைச் சொல்லவில்லை. தேங்கிய தெளிநீரிலேதான் டெங்கு நுளம்பு பெருகுகின்றது. முட்டை நுளம்பாவதற்கு ஒரு கிழமை முதல் பத்து நாள்வரை போதும். இருமலுக்கு மருந்து வளர்க்கப்போய் வீட்டுக்குக் காய்ச்சலை அழைத்தவராக நாம் ஆகிவிடலாகாது.

பசளையைப்பற்றி மிகுதியாகக் கூற வேண்டியதில்லை. இரண்டு மாதத்துக்கொருமுறை ஒரு கைப்பிடி உக்கிய எரு போதுமானது. உரத்தை மேலும் மேலும் இட்டால் இலை பெருக்கும். ஆனால் சாறு நீர்த்து மணம் மெலியும். மணச்செடிகள் செல்வச் செழிப்பிலே குணம் குறைவன. தளிர்களிலே வெண்பஞ்சுபோல் ஒட்டிக்கொள்ளும் மாவுப்பூச்சியைக் கண்டால், சிறிது சவர்க்காரம் கரைத்த நீரில் துணியை நனைத்துத் துடைத்து, பின் நல்ல நீரால் கழுவிவிடுங்கள். மாரி இரவுகளில் நத்தை இலையைத் தின்னும். விளக்குடன் சென்று பொறுக்கி அகற்றலாம். நாம் உண்ணும் இலையாதலால் நச்சுமருந்து தெளித்தல் தகாது.

இப்பொழுது ஆச்சியின் சொல்லுக்கு வருவோம். நுள்ள நுள்ளத் தழைப்பது எவ்வாறு? ஒவ்வொரு கணுவிலும் இலைகள் எதிரெதிராக இரண்டு நிற்கின்றன. அவ்விரு இலைகளின் கக்கத்திலும் ஒவ்வோர் அரும்பு உறங்கிக் கிடக்கின்றது. கொப்பின் நுனி வளர்ந்துகொண்டிருக்குமட்டும், அங்கே உண்டாகும் ஓமோன் என்னும் வளர்ச்சிப்பொருள் கீழே பரவி, அவ்வரும்புகளை எழவிடாமற் செய்கின்றது. ஆதலாலேயே வெட்டாது விட்ட செடி ஒற்றைத் தண்டாக நீளுகின்றது. நுனியைக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டிவிட்டால் அத்தடை நீங்குகின்றது. உறங்கிய இரண்டு அரும்புகளும் விழித்து இரண்டு கொப்புகளாகின்றன. அவற்றின் நுனியையும் உரிய காலத்தில் வெட்டினால் இரண்டு நான்காகும். மீண்டும் வெட்டினால் நான்கு எட்டாகும். வெட்டாதவனுக்கு ஒரு கொப்பு. மூன்று முறை வெட்டினவனுக்கு எட்டுக் கொப்பு.

எனவே, செடி ஒரு சாண் உயரத்துக்கு மேல் வளர்ந்தவுடன், அதாவது நட்டு இரண்டு மூன்று மாதமளவில், முதலாவது வெட்டை அஞ்சாது செய்யுங்கள். அடியிலையைப் பிடுங்குவது வழக்கம், அது சரியன்று. அடியிலைகள் செடியின் உணவைச் சமைக்கும் அடுக்களை. நுனியை இரண்டு மூன்று கணுவோடு வெட்டி எடுத்து, அதிலுள்ள இலைகளையே பயன்படுத்த வேண்டும். ஒரு வேளையில் செடியின் மூன்றிலொரு பங்குக்கு மேல் எடுக்கலாகாது. பின்பு மூன்று நான்கு கிழமைக்கொருமுறை, வீட்டிலே இருமல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இதனைச் செய்துவருக. பனி உலர்ந்தபின், வெயில் ஏறுமுன் பறிப்பது உகந்த வேளை. ஓரிரு ஆண்டிலே தாய்ச்செடி அடிமரத்து முதுமை எய்தும். அதற்கு முன்பே அதன் கொப்பைக்கொண்டு புதுச்செடி ஆக்கிவிடுங்கள்.

இவ்விடத்தில் தைமுக்கும் கற்பூரவள்ளிக்கும் உள்ள வேற்றுமை ஒன்றையும் அறிதல் வேண்டும். குளிர்ந்த மலைநாட்டிலே தைமைச் சாடியில் வளர்க்கும் நேயர்கள், அது பூக்கத் தொடங்கும் தறுவாயில் வெட்டி, சிறு கட்டுகளாக நிழலிலே தொங்கவிட்டு உலர்த்தி, காற்றுப்புகாத போத்தலில் இட்டுப் பல மாதம் வைத்திருக்கலாம். தைமை வெட்டும்பொழுது பச்சைத் தண்டை மாத்திரம் வெட்டவேண்டும். இலையற்ற பழைய மரத்தண்டை வெட்டினால் அது மீளத் தளிர்ப்பது அரிது. கற்பூரவள்ளியோ சேமிப்புக்கு உடன்படாதது. அதன் சாறு நிறைந்த இலை உலருமுன் கறுத்து அழுகிவிடும். தைமைப் போத்தலிலே சேமிக்கலாம். கற்பூரவள்ளியைச் செடியிலேதான் சேமிக்க முடியும். வேண்டிய நாளிலே இலை வேண்டுமாயின், வேண்டாத நாளிலும் செடியைப் பேணியிருத்தல் வேண்டும் என்பது இதனாலேயே.

அவ்வாறு மாதந்தோறும் வெட்டும் இலையை என்செய்வது என்று கேட்கலாம். உண்பதே வழி. தேங்காய்ப்பூ, செத்தல் மிளகாய், புளி, உப்பு ஆகியவற்றோடு அரைத்தால் நல்ல சம்பலாகும். இரசம் இறக்கும்போது இரண்டு இலையைக் கிள்ளிப் போடலாம். கடலைமாவிலே தோய்த்துப் பொரித்தால் பிள்ளைகள் கேட்டு வாங்கி உண்பார்கள். மருந்து என்று ஒதுக்கி வைத்த செடி வாடும். கறிக்கு உதவும் செடியோ நாளும் பேணப்படும்.

இனி மருந்தாகும் முறையைப்பற்றியும், அதன் எல்லையைப்பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டு மூன்று இலையை அனலிலே வாட்டிப் பிழிந்த சாற்றைத் தேனுடன் சேர்த்துக் கொடுப்பது நம் வழக்கம். சாதாரணத் தடிமனிலும் தொண்டைக் கரகரப்பிலும் அது இதமளிக்கும். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கலாகாது; அரிதாகத் தேனிலே கலந்திருக்கும் ஒருவகைக் கிருமி, குழந்தையின் குடலிலே முளைத்துப் பெருகி, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும்.

இலை வேறு, இலையின் எண்ணெய் வேறு என்பதையும் மறத்தலாகாது. தைமோலை 1719ஆம் ஆண்டிலே ஜேர்மனியரான நொய்மன் என்பவர் தைம் எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்தார். 1909 முதல் 1914 வரை அமெரிக்காவின் தென்மாநிலங்களிலே ரொக்பெல்லர் ஆணைக்குழு கொழுக்கிப்புழுவை ஒழிக்கப் பாடுபட்டபோது, அப்புழுவைக் கொல்லத் தைமோலையே பேதியுப்புடன் கொடுத்தனர். அம்மருந்து உண்டவர்கள் அன்று மதுவும் எண்ணெய்ப் பண்டமும் தொடலாகாது என்று எச்சரித்தனர். அவற்றோடு சேர்ந்தால் தைமோல் உடலினுள் மிகுதியாக ஊறி, நோயாளிக்கே நஞ்சாகும். புழுவைக் கொல்லும் வலிமையுள்ள பொருள், அளவு மிஞ்சினால் மனிதரையும் வாட்டும். ஆதலாற் கடையிலே சிறு புட்டிகளில் விற்கும் தைம் எண்ணெய், ஓம எண்ணெய் முதலியவற்றைக் குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுத்தல் கூடாது. ஒரு துளியிலே எத்தனையோ இலையின் சத்துச் செறிந்திருக்கும்.

இன்னொன்று, இவை எல்லாவற்றிலும் முக்கியமானது. இருமும் குழந்தையின் மூச்சை, அது அழாமல் அமைதியாயிருக்கும்போது, மணிக்கூட்டைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தையாயின் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. மூச்சு இவ்வெண்ணை எட்டினாலோ மிஞ்சினாலோ, மூச்சிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, அது சளிச்சுரமாக இருக்கலாம். அப்பொழுது இலையைத் தேடிக் கிணற்றடிக்குப் போகாதீர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். விடியட்டும் என்றிருத்தல் தகாது. கற்பூரவள்ளியின் பெருமையை அறிந்தவர், அதன் எல்லையையும் அறிந்தவராயிருத்தல் வேண்டும். எல்லையறியாத நம்பிக்கை, நல்ல மருந்துக்கும் பழியைத் தேடித்தரும்.

முடிவாக, நாட்காட்டியிலே குறித்துக்கொள்ள ஒரு சொல். வட கீழ் மாகாணங்களிலே பெருமழை பொழிவது ஐப்பசி முதல் மார்கழி வரை. கூதலும் இருமலும் வருவதும் அதனையடுத்தே. ஆகவே ஆவணி மாதத்திலே கொப்பை வெட்டி நடுங்கள். புரட்டாதியில் அது வேரூன்றித் தளிர்க்கும். ஐப்பசி மழை தொடங்கியதும் சாடியைத் தாழ்வாரத்தின் உட்புறத்துக்கு நகர்த்திவிடுங்கள். கார்த்திகையில் முதல் வெட்டு. மார்கழி இரவிலே விளக்கோடு போகிறவருக்கு அப்பொழுது தழைத்த செடி காத்திருக்கும்.

வெட்டிய நுனிகளுள் இலைக்கு வேண்டியவை போக எஞ்சியவற்றை எறிந்துவிடாதீர்கள். வேலிப்பொட்டுக்கு அப்பால் இருக்கும் வீட்டுக்கு ஒரு கொப்பைக் கொடுங்கள். உங்கள் செடி ஒரு மழையிலே அழுகிப்போனாலும், அதன் பிள்ளை அவ்வளவிலே தழைத்து நிற்கும். கேட்டு வாங்கி மீண்டும் நடலாம். நம் கிணற்றடிச் செடிகளை யார் நட்டார் என்று தெரியாததற்குக் காரணமும் இதுவே. அவை பெரும்பாலும் எவரோ வேலிக்கு மேலாலே நீட்டிய கொப்புகள்.